கடன் கொப்பியும் கணினி நினைவகமும்

பசறை வீதியில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. தோட்டத்து மக்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பளம் கிடைத்ததும் தீர்ப்பார்கள். கடையில் வியாபாரம் பார்ப்பவர்கள் இருவர், வாப்பாவும் சாச்சாவும். கடன் கொப்பியோ ஒன்றுதான். ஒருவர் எழுதினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் வாப்பா கணக்கைத் துண்டில் குறித்து லாச்சியில் போட்டுவிடுவார். கூட்டம் குறைந்ததும் கொப்பியில் ஏற்றுவார்.

உயர்தர வகுப்பில் கணினியைப் படித்தபோது இதே வழியை அங்கும் கண்டேன். இன்றைய முறைவழியாக்கி ஒன்றினுள் பல கோர்கள் இருக்கின்றன. ஒரு கூட்டலைச் செய்ய ஒரு கோருக்கு ஒரு நானோசெக்கன்கூடத் தேவையில்லை. பிரதான நினைவகத்தை எட்டவோ ஏறத்தாழ 100 நானோசெக்கன் செல்லும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் காத்திருந்தால் வேலை நடக்காது. ஆகவே எழுத வேண்டியதை ரைட் பஃபர் என்னும் சிறு இடத்தில் போட்டுவிட்டு, கோர் அடுத்த வேலைக்குப் போகிறது. அதுதான் வாப்பாவின் லாச்சி!

இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு கோரும் அடிக்கடி தேவைப்படும் தரவுகளின் பிரதியைத் தன் பதுக்கு நினைவகத்தில் வைத்திருக்கும். ஒரு கோர் தன் பிரதியை மாற்றினால் மற்றவற்றின் பிரதிகள் பிழையாகிவிடும். இதற்கு 1984இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் மார்க் பாப்பாமார்கோசும் ஜனக் பட்டேலும் ஒரு தீர்வை வெளியிட்டார்கள். பட்டேல் சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர். மாற்றியது, தனக்கே உரியது, பகிர்ந்தது, செல்லாதது என ஒவ்வொரு பிரதிக்கும் நான்கு நிலைகள். ‘தனக்கே உரியது’ என்றால் வேறெவரிடமும் பிரதி இல்லை; எவருக்கும் அறிவிக்காமல் உடனே எழுதலாம். ‘பகிர்ந்தது’ என்றால், முதலில் மற்றவர்களின் பிரதிகளைச் செல்லாததாக்கிவிட்டே எழுத வேண்டும். ‘மெசி’ எனப்படும் இம்முறை, வீண் அறிவிப்புகளைக் குறைத்து எழுதுவதை விரைவாக்குகிறது.

ஆனால் வேகத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு சம்பள நாளில் தோட்டத்து அக்கா ஒருவர் காலையில் வாப்பாவிடம் பாக்கியைத் தீர்த்தார். துண்டு லாச்சியிலேயே கிடந்தது. மாலையில் சீனி வாங்க வந்தவரிடம் சாச்சா கொப்பியைப் பார்த்து, “அக்கா, பழைய பாக்கி இருக்கே?” என்றார்.

“காலையிலேயே பெரிய முதலாளிகிட்ட குடுத்துட்டேனே” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிப் போனது. துண்டை எடுத்துக் காட்டி வாப்பா மன்னிப்புக் கேட்டார்.

பஃபரில் காத்திருக்கும் புதிய மதிப்பும் மற்றக் கோர்களுக்கு இப்படித்தான் தெரியாது. அவை பழையதையே வாசிக்கும். இதைத் தடுக்க மெமரி ஃபென்ஸ் என்னும் கட்டளை உண்டு. முன்னர் எழுதியவை மற்றவர்களுக்குத் தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதே என்பதே அதன் பொருள். எல்லா இடத்திலும் இட்டால் வேகம் போய்விடும். தேவையான இடத்தில் விட்டால் கணக்குப் பிழைக்கும்.

இப்போது வாப்பா மற்றக் கணக்குகளைத் துண்டில்தான் குறிக்கிறார். பாக்கி தீர்த்தவரின் கணக்கை மட்டும், அவர் படியிறங்கும் முன் கொப்பியில் ஏற்றிவிடுகிறார். கணக்கு ஓர் அமானிதம் அல்லவா, தோழிகளே? நாளை நாம் எழுதப்போகும் நிரல்களிலும் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கும். வேகமாக எழுதுவோம், எங்கே நின்று எழுத வேண்டும் என்பதையும் அறிந்து எழுதுவோம்.