பொறுமை என்பது படுத்துக் கிடப்பதா?



நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்று. காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் போகிறோம். ஆப்பரேஷன் என்றால் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். ஆனால், பத்து வருஷமாக இடுப்பு வலியோடு இருப்பவரை நம்மில் யார் போய் விசாரிக்கிறோம்? அவருடைய வலி வீட்டாருக்கே பழகிப்போய்விட்டது. அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார். பின்கட்டு அறையில் படுத்தபடியே நாளைக் கழிக்கிறார். கேட்டால், "அல்லாஹ் கொடுத்தது, பொறுமையாக இருக்கிறேன்" என்கிறார்.

சுங்கை பெசார், செகிஞ்சான், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் பகுதிகளில் இப்படிப்பட்டவர்கள் குறைவல்லர். பால் மரம் வெட்டி வாளி சுமந்த தோள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டிய கழுத்து. ரொட்டி சானாய் மாவு பிசைந்து வீசிய மணிக்கட்டு. கடையில் காலை முதல் இரவுவரை நின்ற முழங்கால். தையல் மிஷினில் குனிந்த முதுகு. உழைத்துச் சம்பாதித்த உடம்புகள் இன்று நோவில் கிடக்கின்றன.

இவர்களுக்கும் இவர்கள் குடும்பத்தாருக்கும் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொறுமை என்பது அசையாமல் கிடப்பது அன்று. நாட்பட்ட நோவுக்கு, இயன்ற அளவு உடம்பை அசைப்பதும், மனம் லயிக்கும் ஒரு வேலையில் கையை ஈடுபடுத்துவதும் மருந்தோடு சேர்ந்த மருந்தாகும். மார்க்கமும் வைத்தியமும் இதில் ஒன்றுபடுகின்றன.

நோவில் இருந்த இருவர்

நெடுங்காலம் நோயுற்றிருந்த நபி ஐயூப் (அலை) அவர்களை நாம் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. ஆகவே வலியை வாய்விட்டுச் சொல்வது பொறுமைக்குக் குறைவு ஆகாது. அந்த முறையீட்டுக்கு வந்த பதிலைக் கவனியுங்கள். 'ஸாத்' அத்தியாயம் 42ஆவது வசனத்தில், தம் காலால் பூமியைத் தட்டும்படி அவர்களுக்குக் கட்டளை வருகிறது. குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் அங்கே கிடைக்கிறது. அல்லாஹ் நாடினால் தட்டாமலே ஊற்றைத் தந்திருக்க முடியாதா? முடியும். இருந்தும் நோயாளியின் காலிலிருந்தே சுகத்தின் முதல் அசைவு தொடங்குகிறது.

அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பாருங்கள். பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனியே ஒதுங்கிய அவர்களுக்கு, அம்மரத்தை உலுக்கும்படி சொல்லப்படுகிறது. கனிந்த பழங்கள் உதிர்கின்றன. பெரிய பேரீச்ச மரத்தை வலிமையுள்ள ஆடவனாலும் அசைத்துவிட முடியுமா? கேட்கப்பட்டது பலம் அன்று, முயற்சி. பழத்தைத் தந்தவன் அல்லாஹ். கையை நீட்டியவர் அன்னை.

இப்னு சீனா சொன்ன மூன்று

கி.பி. 980இல் பிறந்து 1037இல் மறைந்த இப்னு சீனா, 'அல் கானூன்' என்னும் தமது வைத்திய நூலில் நோவைப் பதினைந்து வகையாகப் பிரித்து ஆராய்ந்தார். நோவைத் தணிக்க மருந்துகளைச் சொன்னதோடு வேறு மூன்று வழிகளையும் எழுதினார். மெதுவாக நெடுநேரம் உலாவுவது ஒன்று. இனிய இசையைக் கேட்பது இரண்டாவது. மனத்தை முழுவதும் ஈர்த்துக்கொள்ளும் ஒரு காரியத்தில் ஈடுபடுவது மூன்றாவது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இம்மூன்றும் இன்றும் பழுதாகவில்லை.

ஏன் அப்படி? மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவை நாட்பட்ட நோவு என்கிறார்கள். புதிதாக வரும் வலி ஓர் எச்சரிக்கை மணி. நெருப்புச் சுட்டால் கையை இழுக்கச் செய்வது அது. நாட்பட்ட நோவில் பலருக்கு, தீ அணைந்த பிறகும் மணி மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நரம்புகள் சிறு அசைவையும் பெரிய ஆபத்தாக மூளைக்கு அறிவிக்கின்றன. இது கற்பனை வலி அன்று, உண்மையான வலியே. 1965ஆம் ஆண்டில் மெல்ஸாக், வால் என்னும் இரு அறிஞர்கள், முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கு ஒரு வாசற்கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளால் அக்கதவு ஓரளவு மூடவும் திறக்கவும் கூடும் என்றும் விளக்கினார்கள். அச்சமும் கவலையும் தனிமையும் கதவைத் திறந்துவைக்கின்றன. அமைதியும் ஈடுபாடும் அதைச் சாத்த உதவுகின்றன. அசையாமல் கிடந்தாலோ தசைகள் இளைக்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, தூக்கம் கெடுகிறது. வலிக்குப் பயந்து படுத்தவருக்கு அந்தப் படுக்கையே வலியைக் கூட்டிவிடுகிறது.

நமது மாநிலத்திலேயே ஒரு சான்று

இதற்கு மேல்நாட்டை மட்டும் பார்க்கவேண்டியதில்லை. நமது சிலாங்கூர் மாநிலத்துச் செலாயாங் ஆஸ்பத்திரியில் 2002ஆம் ஆண்டு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'மெனாங்'. மலாய் மொழியில் 'வெற்றி பெறு' என்பது பொருள். டாக்டர் மேரி கார்டோசாவும் அவர் குழுவினரும் நடத்திய அத்திட்டத்தில், நாட்பட்ட நோவுள்ளவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து இரண்டு வாரம் பயின்றார்கள். வலியை அடியோடு ஒழிப்பதாக அங்கே யாரும் வாக்குத் தரவில்லை. படிப்படியான தேகப்பயிற்சி, வேலையையும் ஓய்வையும் அளந்து செய்தல், உடம்பைத் தளர்த்துதல், அச்சமூட்டும் எண்ணங்களைத் திருத்துதல் ஆகியவற்றையே கற்பித்தார்கள்.

இப்படிப் பயின்ற எழுபது பேரைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தவரும் அதில் இருந்தனர். அவர்களுடைய வலியும், வலியால் வந்த முடக்கமும், மனத்துயரும் குறைந்தன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த நன்மை நிலைத்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2023ஆம் ஆண்டு டிசம்பரில், நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டலில் தேகப்பயிற்சியையும் நோயைப் பற்றிய கல்வியையும் சிபாரிசு செய்தது.

உடம்பை அசைக்கும் முறை

முதலில் ஒரு தவற்றை விலக்கவேண்டும். வலி குறைந்த நாளில் வீடு முழுவதும் கூட்டித் துடைத்து, துணி துவைத்து, விருந்தும் சமைப்பது. பிறகு மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது. இப்படி மாறி மாறிச் செய்வதால் உடம்பு தேறுவதில்லை. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை அன்னை ஆயிஷா (ரலி) நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். இபாதத்துக்குச் சொன்ன இந்த விதி தேகப்பயிற்சிக்கும் பொருந்தும்.

1. நடை: பத்து நிமிஷம் நடந்தால் வலி கூடுகிறதென்றால் ஆறு நிமிஷத்தில் தொடங்குக. நல்ல நாளிலும் அதே ஆறு. மோசமான நாளிலும் இயன்றால் அதே ஆறு. வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுக. நமது வட்டாரம் சமதரை. வயலோரப் பாதையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சுபுஹு தொழுகைக்குப் பின் வெயில் ஏறுமுன் நடப்பது நலம்.

2. முழங்கால்: நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. இரு காலுக்கும் ஐந்து முறை. பழகியபின் பத்து.

3. எழுந்து அமர்தல்: உறுதியான நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக அமர்க. முதலில் கையை ஊன்றலாம்.

4. தோள்: சுவரை நோக்கி நின்று, விரல்களால் சுவரில் ஏறுவதுபோல் கையை இயன்ற உயரம் கொண்டுபோய் இறக்குக.

5. இடுப்பு: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, ஒரு முழங்காலை நெஞ்சருகே இழுத்துப் பிடித்து விடுக. பிறகு மற்றொன்று.

6. மூச்சு: மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுக. திக்ருடன் சேர்த்துச் செய்தால் மனமும் அடங்கும்.

சிறிது இழுப்பும் இலேசான வலியும் இருந்தால் அஞ்சவேண்டாம். மறுநாளும் வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். அடியோடு விட்டுவிடக் கூடாது.

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபியவர்கள் கூறினார்கள். புகாரியில் பதிவான ஹதீஸ் இது. இயன்றதைச் செய், இயலாததற்கு வருந்தாதே, ஆனால் விட்டுவிடாதே. நாட்பட்ட நோவுள்ளவருக்கு இதைவிட நல்ல வைத்திய விதி ஏது? எதில் அமர்வது, எதில் நிற்பது என்ற சட்ட விவரங்களைத் தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்க.

கைக்கு ஒரு வேலை

இப்னு சீனா சொன்ன மூன்றாவது வழி இது. வலியுள்ளவர், "நான் யாருக்கும் உதவாதவன் ஆகிவிட்டேன்" என்று எண்ணுவது வலியைவிடக் கொடியது. ஒரு பொருள் தம் கையால் உருவாகும்போது அந்த எண்ணம் விலகுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாய் பெயர் பெற்றது. மெல்லிய கோரையால் அதை நெய்வோர் அவ்வூர் முஸ்லிம்கள். இங்கே நம் மலாய்ச் சகோதரிகள் மெங்குவாங் இலையில் பாய் முடைகிறார்கள். அண்டை வீட்டு மாக்சிக்கிடம் நம் பெண்கள் அதைக் கற்கலாம். அவர்களுக்கு நாம் பூப்பின்னல் கற்பிக்கலாம். விரல் வலிப்பவர் தடித்த ஊசியும் தடித்த நூலும் எடுத்துக்கொள்க. எழுத்தில் விருப்பமுள்ளவர் நாணல் பேனாவில் அரபு எழுத்தை அழகாக எழுதிப் பழகலாம். குரல் உள்ளவர் பைத்தும் முனாஜாத்தும் நாலு பேரோடு கூடிப் பாடலாம். தொட்டியில் மிளகாயும் கத்தரியும் செரையும் வளர்க்கலாம். தொட்டியை மேசை உயரத்தில் வைத்தால் குனியவேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு மற்றொரு வேலையும் உண்டு. 'ரஜூலா' கப்பலில் எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் கடை போட்டார்கள், முதல் மதரஸா எந்தக் கொட்டகையில் நடந்தது என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். எழுத முடியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். அவர்களோடு போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

எந்த வேலையானாலும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடந்துவிட்டு அமர்க.

வைத்தியரை விடலாகாது

மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழியே. மூட்டு வாதம், நீரிழிவு போன்றவற்றுக்கு டாக்டர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது. காலில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு வலி, காரணமின்றி உடல் மெலிதல், விழுந்தபின் புதிதாக வந்த வலி, நெஞ்சு வலி இவை கண்டால் பயிற்சியை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். "ஒரே நாளில் வலி பறக்கும்" என்று விற்கப்படும் பதிவு இல்லாத மஜூன்களிலும் ஜாமுகளிலும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை அரசாங்கத்தார் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். மருந்தாலும் தீராத நோவுக்கு, வலி நிவாரணப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரும்படி அரசாங்கக் கிளினிக் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

"உம்மா, நீங்க ஒண்ணும் செய்யவேணாம், சும்மா படுத்திருங்க" என்பது அன்பால் சொல்லும் சொல். ஆனால் அது அவர்களை இன்னும் முடக்கும். "எல்லாம் நடிப்பு" என்பதோ பாவமான சொல். இரண்டையும் விட்டு, "வாங்க உம்மா, வாசல்வரை சேர்ந்து நடப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை உற்றுப் பார்க்கவேண்டாம். அந்தப் பார்வைக்குக் கூசியே சிலர் ஜமாஅத்துக்கு வருவதை விட்டுவிடுகிறார்கள். ஸஃப்பின் ஓரத்தில் நாலு நாற்காலி போடுவது பெரிய செலவா? மாதம் ஒருமுறை பெண்கள் கூடித் தைக்கவும் முடையவும் மதரஸாவில் ஓர் இடம் ஒதுக்குவது முடியாத காரியமா?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நபி ஐயூப் (அலை) அவர்களின் வரலாற்றில் பொறுமையும் முயற்சியும் எவ்வாறு சேர்ந்து வருகின்றன?
2. நல்ல நாளிலும் மோசமான நாளிலும் ஒரே அளவு நடக்கவேண்டும் என்பதன் காரணம் என்ன?
3. நமது தெருவில் நாட்பட்ட நோவோடு இருப்பவர் யார்? இவ்வாரம் அவரை விசாரிக்கப் போவது யார்?

மூன்றாவது வினாவுக்கு விடையை ஏட்டில் எழுதவேண்டாம், நடந்துபோய்ச் செய்துகாட்டுங்கள்.

நோவுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ்தஆலா பூரண ஷிபாவைத் தந்தருள்வானாக! அதுவரை, அசையும் கையையும் உலாவும் காலையும் நன்றியுள்ள நாவையும் அவர்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.