குவாரியை எதிர்த்தால் பொலிஸ் வருமா?

எங்கள் தோட்டத்து மலையில் குவாரிக்கு வெடி வைக்கப் போகிறார்களாம். எதிர்த்தால் பொலிஸில் பிடித்துக்கொடுப்பார்களாம். வேடர்களுக்காவது பூர்வகுடிகள் என்ற பெயர் உண்டு. லயத்துக்காரர்களுக்கு என்ன உரிமை?
– வாசகர், பண்டாரவளை

பெயர் மட்டும் காப்பாற்றுவதில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாக்கப்பட்டபோது, வேட்டையாடிய காட்டிலேயே வேடர்கள் குற்றவாளிகளானார்கள். உங்களுக்கு உதவப்போவது எப்பாவலை என்ற ஊரின் வழக்குதான். அங்கே பொஸ்பேட் அகழ அமெரிக்க நிறுவனத்தோடு அரசு பேசியது. ஊர் விவசாயிகள் சிலரும் ஒரு பிக்குவும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில், முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாதென்று தீர்ப்பு வந்தது.

அமைதியாகக் கூடவும் பேசவும் காணி உறுதி தேவையில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை கேட்பது பிரஜாவுரிமையை மட்டுமே.

முதலில் குவாரிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதி கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். கூடவே மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மாவட்டம் உங்களுடையது.

பொலிஸ் மிரட்டினால் தேதி, நேரம், வந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள், தொலைபேசி 1996. உயர் நீதிமன்ற மனுவுக்கும் கெடு அதே ஒரு மாதம்தான். ஆணைக்குழு விசாரிக்கும் நாட்கள் அதில் சேராது.