எலும்புக்கூட்டைப் பார்த்து வயதைக் கணிப்பது எப்படி?

வளர்ந்துகொண்டிருந்த உடலா, வளர்ந்து முடிந்த உடலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தாடையை எடுங்கள். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் 6 வயதை ஒட்டியும், இரண்டாவது 12 வாக்கிலும் முளைக்கும். வெளியே தெரிவதோடு நிற்காமல், எக்ஸ்ரே எடுத்து வேர் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று பாருங்கள். பட்டினியும் நோயும் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கிற அளவுக்குப் பல் வளர்ச்சியைக் குலைப்பதில்லை. ஞானப்பல்லை மட்டும் நம்ப வேண்டாம். சிலருக்கு அது முளைப்பதே இல்லை.

அடுத்து எலும்பு முனைகள். பதின்வயதில் கை, கால் எலும்புகளின் முனைகள் ஒவ்வொன்றாகத் தண்டோடு ஒட்டிவிடும். கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் மார்புப் பக்க முனை. அங்கே மெல்லிய செதில் போன்ற மூடி பாதி ஒட்டியிருந்தால், பதின்வயதின் கடைசியோ இருபதுகளோ என்று கொள்ளலாம். 30 வாக்கில் அது முழுவதும் ஒட்டிவிடும்.

அதற்கு மேல்தான் சிக்கல். வளர்ச்சி நின்றபின் தேய்மானத்தைத்தான் படிக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று முடிவுசெய்துவிட்டு, இடுப்பின் முன்புறம் இரண்டு எலும்புகளும் சந்திக்கும் முகப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். இளவயதில் அது உழுத வயல் மாதிரி, மேடும் சாலுமாக இருக்கும். பிறகு சால் தூர்ந்து வழவழப்பாகும், சுற்றிலும் விளிம்பு கட்டும், முதுமையில் அந்த விளிம்பும் உடைந்து முகப்பு பொத்தலாகும். 1990-இல் வெளியான சூச்சி-புரூக்ஸ் முறை இதை ஆறு கட்டங்களாகப் பிரிக்கிறது. படத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். அதற்கென விற்கும் அச்சு மாதிரிகளைப் பக்கத்தில் வையுங்கள். ஆண்களுக்கு முதல் கட்டம் 15–23 வயது, நான்காவது 23–57, ஆறாவது 34–86. இவ்வளவு அகலமான வயது எல்லையைச் சொல்ல நிபுணர் எதற்கு என்று காவல் அதிகாரி கேட்பார். கேட்கட்டும். அந்த முறை லாஸ் ஏஞ்சலிஸில் பிரேதப் பரிசோதனைக்கு வந்த உடல்களிலிருந்து உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் விலா எலும்பின் முன்முனையையும் பாருங்கள்: இளவயதில் தட்டை, பிறகு குழி, வயதாக ஆகக் குழி ஆழமாகி ஓரம் மெலிந்து கூராகும். மண்டையோட்டுத் தையல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபாடு. முதுகெலும்பில் முளைத்த எலும்புத் துருத்தல்களும் அப்படித்தான். மூட்டை சுமந்தவரின் முதுகு வயதை மீறிக் கிழடு தட்டியிருக்கும்.

கிடைத்த வயதுகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். நம்பகமான உறுப்பு தரும் எல்லைக்குள் மற்றவை எங்கே பொருந்துகின்றன என்று பாருங்கள். அறிக்கையில் 'சுமார் 35' என்று ஒற்றை எண்ணைப் போட்டால், காணாமல்போனோர் பட்டியலில் இருக்கும் 48 வயதுக்காரரின் கோப்பை யாரும் திறக்கவே மாட்டார்கள்.