நான்கு மாத வேலையும் நேர்முகத் தேர்வும்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவன்)

ஆனையூரிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வந்து செல்பவன் நான். பட்டப் படிப்பில் சேருமுன் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் வேலையில் நான்கு மாதங்கள் இருந்தேன். மாலை ஆறு மணி வரை என்று சொல்லப்பட்ட வேலை இரவு பத்து வரை நீண்டது, விலகிவிட்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் வேறோர் இடத்தில் வேலை கேட்டுச் சென்றேன். "பள்ளி முடித்த ஆண்டில் என்ன செய்தீர்கள்?" என்றார்கள். நிலையற்றவன் என்று எண்ணிவிடுவார்களே என அஞ்சி, "வீட்டில் இருந்தேன்" என்றேன். பிறகு ரொக்கப் புத்தகம், பேரேடு பற்றிய கேள்விகள் வந்தன. தடையின்றி விடை கூறினேன். "இவற்றை எங்கே கற்றீர்கள்?" என்றதும் விழித்தேன். வேலை கிடைக்கவில்லை. நான்கு மாதத்தை மறைக்கப் போய், அதில் கற்றதையும் சேர்த்து இழந்தேன்.

குறுகிய காலப் பணி இழுக்கன்று என்பதற்கு நம் மதுரையே சான்று. சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அரசன் சண்முகனார் விடுப்பில் சென்றபோது, அவ்விடத்தில் தற்காலிகத் தமிழாசிரியராக 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பணியாற்றினார் இருபத்தொரு வயது பாரதியார். அவ்வாண்டே சென்னை சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' இதழில் துணையாசிரியரானார். அச்சில மாதங்களை அப்பள்ளி இன்றும் பெருமையாகவே போற்றுகிறது.

ஆயினும் எல்லாக் குறுகிய பணிகளும் ஒன்றல்ல. பாரதியாருடையது பணியே தற்காலிகமானது. 'விடுப்புக் காலியிடம்' என்று ஒரு சொல்லில் விளங்கிவிடும். நாமே விலகியிருந்தால் காரணத்தைக் கூறவேண்டும். நிர்வாகம் நீக்கியிருந்தால், நிகழ்ந்ததையும் அதன்பின் நாம் திருத்திக்கொண்டதையும் கூறவேண்டும்.

மறைப்பது இக்காலத்தில் எளிதுமன்று. வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராகும் ஒவ்வொருவருக்கும் 2014 முதல் 12 இலக்க நிலையான எண் வழங்கப்படுகிறது. நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகிவிடும்.

எனவே நண்பர்களே, கூறவேண்டியவை நான்கே: எத்தனை மாதம், என்ன வேலை, ஏன் விலகினோம், என்ன கற்றோம். பழைய முதலாளியைத் தூற்றுதல் வேண்டா. நம்மையும் நாளை இவ்வாறே தூற்றுவான் என்றுதான் கேட்பவர் நினைப்பார். பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் விலகும்போதே கேட்டுப் பெறுதல் நலம்.

அடுத்த நேர்முகத் தேர்வில் இப்படிக் கூறினேன்: "நான்கு மாதம் கணக்கெழுதினேன். வேலை நேரம் முதலில் பேசியபடி அமையவில்லை, விலகினேன். பேரேடு எழுதவும் மாத இருப்பைச் சரிபார்க்கவும் அங்கேதான் கற்றேன்." கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றார். நான் பல இரவுகள் அஞ்சிக் கிடந்த செய்தி, அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.