சின்ன கேமராவோடு வேடந்தாங்கலுக்கு

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் சீசன் நேரத்தில் முழ நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு பலர் நிற்பார்கள். அவர்களைப் பார்த்ததும் நம் கையில் இருக்கும் காம்பாக்ட் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிடத் தோன்றும். வைக்காதீர்கள். நாரையின் கண்ணை மட்டும் நிறைத்து எடுக்கிற படம் நமக்கு வராது, உண்மைதான். ஆனால் ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் மரம், அதன்மேல் அடுக்கடுக்காகக் கூடுகள், கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவரும் நாரை, எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்த படம் வரும். ஒரு பறவை எங்கே, எப்படி வாழ்கிறது என்று சொல்லும் அந்தப் படத்தைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அதை எடுப்பதற்கான வழி.

முதலில் கேமராவைப் புரிந்துகொள்வோம். சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது 36-க்கு 24. பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம். அவ்வளவு சின்ன இடத்தில் விழும் வெளிச்சமும் குறைவு என்பதால், பொழுது மங்கினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் இன்னும் குறையும். ஆக, வெளிச்சம் குறைவதும் தூரம் கூடுவதும் நம் கேமராவுக்கு ஆகாத இரண்டு விஷயங்கள். அதே சின்ன சென்சாரால் ஒரு லாபமும் உண்டு: பக்கத்தில் இருக்கும் கோரைப்புல்லும் தூரத்து மரமும் ஒரே படத்தில் தெளிவாக விழும். பெரிய கேமராக்காரர்கள் இதற்காக எஃப் எண்ணை 11 வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். நாம் அப்படிச் செய்தால் கூர்மைதான் கெடும். 4 அல்லது 5-லேயே விட்டுவிடலாம்.

கிளம்பும் முன், வீட்டிலேயே

மெனுவுக்குள் போய் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலை மட்டுமே. வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். ஃபிளாஷையும் அணையுங்கள். ஆட்டோவிலிருந்து ‘பி’ என்ற முறைக்கு மாற்றுங்கள். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்யும். ஐஎஸ்ஓ தானாக ஏறுவதற்கு மேல்வரம்பு வைக்க வசதி இருந்தால் 800-இல் நிறுத்துங்கள். இன்னொரு பேட்டரி கட்டாயம் வேண்டும். இந்தக் கேமராக்களின் பேட்டரி சின்னது. திரையும் ஜூம் மோட்டாரும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கைப்பிடி அளவு துணிப்பையில் அரைக்கிலோ அரிசி போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால்தான் பறவை வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரை போகலாம். டிசம்பர், ஜனவரியில் கூடு கட்டும் பரபரப்பு; அதற்குப் பின் போனால் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். மழை பொய்த்த வருடம் ஏரி வெறிச்சோடிக் கிடக்கும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து மதுராந்தகம் வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான்.

காலையில் சூரியன் எழுந்தபின் இரண்டு மணி நேரமும், சாயங்காலம் இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரமும் நல்லது. நடுப்பகலில் வெளிச்சம் ஏராளமாக இருக்கிறதே, நம் கேமராவுக்கு அது தோதுதானே என்று கேட்கலாம். வெயில் ஏறியதும் தண்ணீர்ப் பரப்பின் மேலே காற்று அலையலையாய் நடுங்கத் தொடங்கும். ஜூம் போட்டு எடுத்தால் பறவை கரைந்தது போல் விழும். விலை உயர்ந்த லென்ஸுக்கும் இதே கதிதான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவற்றை எடுக்கலாம், அதற்கு வருகிறேன்.

கரையில் நின்று

சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள். உடனே ஜூமை நீட்டாதீர்கள். அகலக் கோணத்திலேயே முதல் சில படங்களை எடுங்கள்: கரை, தண்ணீர், வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள் அப்பிய மரங்கள். வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர்தான். இவ்வளவு சின்ன ஏரியில் இவ்வளவு பறவைகளா என்ற வியப்பு இந்த முதல் படங்களில்தான் வரும்.

பிறகு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து நெருங்குங்கள். ஜூமை முழுக்க நீட்டிவிட்டுப் பறவையைத் தேடினால் திரையில் இலைகள்தான் ஓடும். குறைந்த ஜூமில் பறவையை நடுவில் கொண்டுவந்து, அங்கேயே பிடித்துக்கொண்டு மெல்ல நீட்டுங்கள்.

ஆட்டம்தான் அடுத்த தொல்லை. 700 மில்லிமீட்டருக்குச் சமமான ஜூமில் கையில் பிடித்து எடுக்க, ஷட்டர் வேகம் நொடியில் 700-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கேமராவுக்குள் இருக்கும் ஆட்டத் தடுப்பு இதைத் தளர்த்தும். சும்மா உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவை 200-இல் ஒரு பங்கிலேயே எடுத்துவிடலாம். பறக்கிற பறவைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆட்டத் தடுப்பு நம் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும், இறக்கையை நிறுத்தாது. இப்போது அரிசிப் பையை எடுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் வைத்து அதில் கேமராவை அமுக்கி உட்கார வையுங்கள். முக்காலியைவிட இது சௌகரியம், பின்னால் வருபவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. சுவர் கிடைக்காத இடத்தில் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டி, வார் விறைக்கும்வரை கேமராவை முன்னே தள்ளிப் பிடியுங்கள். முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டியிருக்கட்டும். பறவை அசையாமல் இருந்தால் இரண்டு நொடி டைமரைப் போட்டு எடுங்கள். பொத்தானை அழுத்தும் அதிர்வும் போய்விடும்.

இனி வெளிச்ச அளவு. சின்ன கேமராவில் கெட்டுப்போகும் நாரைப் படங்களில் பாதி இங்கேதான் கெடுகிறது என்பது என் எண்ணம். காட்சி எதுவானாலும் அதைச் சராசரிச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே கேமரா பார்க்கும். கரும்பச்சை மரத்தில் ஒரு வெள்ளை அரிவாள்மூக்கன் இருந்தால், இருட்டைப் போக்குகிறேன் என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பறவையின் இறகெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகும். கழித்தல் பக்கம் மூன்றில் இரண்டு படி குறையுங்கள். இறகின் வரி தெரியவில்லையா, இன்னும் குறையுங்கள். இதற்கு நேர்மாறு, வெளுத்த வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிறகை விரித்துக் காயப்போடும் நீர்க்காகம். அது கரிக்கட்டையாக விழும். கூட்டல் பக்கம் ஒரு படி ஏற்றுங்கள். ஊட்டியிலோ வால்பாறையிலோ பனிமூட்டத்தை எடுக்கும்போதும் இதே கூட்டல்தான், இல்லாவிட்டால் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும்.

பறப்பதை எடுக்க ஒரு வழி உண்டு. இந்தக் கேமராக்கள் ஃபோகஸ் பிடிக்க நேரம் எடுக்கும். பறவையைத் துரத்திப் பயனில்லை, அது வந்து இறங்கும் இடத்தில் காத்திருங்கள். மஞ்சள் மூக்கு நாரை இறங்கும்போது சிறகை அகல விரித்து, காலை முன்னே நீட்டி வேகத்தைக் குறைக்கும். அது திரும்பத் திரும்ப வரும் கூட்டைக் கவனித்து, அந்தக் கிளையில் பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து அப்படியே வைத்திருங்கள். பறவை சட்டகத்துக்குள் வரும் நேரத்தில் தொடர் படமாக முழுதும் அழுத்துங்கள். பத்தில் ஒன்று தேறினால் நல்ல அறுவடை.

வெயில் ஏறியபின்

நடுப்பகலில் குனிந்து பாருங்கள். கரையோரத் தட்டான்கள் பல, விரட்டினாலும் அதே குச்சி நுனிக்குத் திரும்பி வந்து உட்காரும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், தாழ்ந்து, மெதுவாகப் போங்கள். பூப்படம் போட்ட மேக்ரோ முறை, ஜூம் இல்லாத அகலக் கோணத்தில்தான் மிக அருகில் வேலை செய்யும். பல கேமராக்களில் லென்ஸிலிருந்து 5 சென்டிமீட்டர் வரைகூடப் போகலாம். பூவுக்கும் சிலந்தி வலைக்கும் அது போதும். கூச்சமுள்ள பூச்சிக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூமில் எடுங்கள்.

வெயில் கடுமையாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் முயலலாம். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார், அதுவும் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில். அவர் படங்களில் விலங்கோடு காடும் இருக்கும். அவற்றைத் தேடிப் பாருங்கள். கேமரா புத்தகங்கள் சொல்லித்தராதது அங்கே கிடைக்கும்.

எடுக்கக் கூடாதது

கூட்டிலிருந்து பறவை எழுந்துகொள்ளும் அளவுக்கு நெருங்கவே கூடாது. தாய் எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காக்கை அந்தத் தருணத்துக்காகத்தான் சுற்றுகிறது. பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டுவது, கல்லெறிவது, கைபேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, எல்லாமே கொடுமை. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆங்கிலேய ஆட்சியாளர்களிடம் போராடிப் பாதுகாப்பு வாங்கியவர்கள் அவர்கள். அந்த ஊருக்குள் போகிற நாம், ஒரு படத்துக்காக அதைக் கெடுக்கக் கூடாது. அரிய பறவையின் கூடு கண்ணில் பட்டால், அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

திரும்பும்போதும் திரும்பியபின்னும்

ஏசி காரிலிருந்து வெளியே இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, வெளிச்சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். நீண்டு சுருங்கும் லென்ஸின் இடுக்கில் மணல் புகுந்தால் கேமராவே நின்றுபோகும். தனுஷ்கோடி மாதிரி இடங்களில் காற்றடிக்கும்போது வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

களத்தில் நின்று சின்னத் திரையைப் பார்த்துப் படங்களை அழிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றி, வேறொரு இடத்திலும் பிரதி வைத்தபின் மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். 12-க்கு 8 அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட 9 மெகாபிக்சல் இருந்தாலே போதும், ஆகவே ஓரங்களை ஓரளவு தாராளமாகவே வெட்டலாம். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், பறவையின் பெயர் எழுதி வையுங்கள்.

மங்கலாக விழுந்த படத்தையும் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். அலகு நடுவில் இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. பாம்பு போல் கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நீண்டிருந்தால் பாம்புத்தாரா. அடையாளம் காண அவ்வளவு தெரிந்தால் போதும். ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் ஊர் ஊராகப் பறவைகளைக் கணக்கெடுத்து இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்கிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பட்டியலிட வேண்டும். சந்தேகமான பறவைக்கு இந்த மங்கல் படத்தையே சான்றாக இணைக்கலாம்.