விண்ணிலையச் சிற்றுருவைத் தெரிந்தெடுத்தல்

அறிவியற் கதைகளிற் காணும் விண்வெளி நிலையத்தின் சிற்றுருவை வாங்க விழைவோர் முதற்கண் அழகையே நோக்குவர். அதனினும் முந்த நோக்கற்பாலது அளவு விகிதமாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

1968-ஆம் ஆண்டில் ஸ்டான்லி கியூப்ரிக் இயக்கி வெளியிட்ட ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் திரைப்படத்தில், இரட்டைச் சக்கர வடிவினதாய நிலையமொன்று பூமியைச் சுற்றி வருகின்றது. அவ்வாண்டே வெளிவந்த ஆர்தர் கிளார்க்கின் நாவல், நிலையத்தின் குறுக்களவை 300 கஜம், அதாவது ஏறக்குறைய 274 மீட்டர், என்கிறது. அவ்வளவைக் கொள்வோமாயின், விமானச் சிற்றுருக்களுக்கு வழக்கமான 72-இல் ஒரு பங்கு விகிதத்தில் அது 3.8 மீட்டர் அகலமாகும்; விடுதியறையில் அடங்குவது அரிது. 1000-இல் ஒரு பங்காயின் 27 சென்டிமீட்டரே, மேசைக்கு ஏற்றது. ஆயின் அவ்விகிதத்தில் மனிதனுயரம் 2 மில்லிமீட்டருக்குங் குறைவு. ஆதலின் சாளரங்கள் பெரியனவாய்ச் செதுக்கப்பட்டிருப்பின், மாபெரும் நிலையமும் சிறு பொம்மையெனத் தோன்றும், அதனை விலக்குக.

அன்றியும், திரைப்படத்தில் ஒரு சக்கரம் கட்டி முடியாதது. அதன் சட்டங்கள் வெளித்தோன்றும். இரண்டையும் நிறைவுற்றனவாகக் காட்டுவது பிழையாம். சக்கரம் சுழல்வதனாலேயே உள்ளிருப்போர்க்கு எடையுணர்வு உண்டாகின்றது. ஆகவே அச்சிற் சுழலத்தக்க சிற்றுருவே சிறந்தது. நிலையத்தை வந்தடையும் விண்கலத்தையும் உடன் வைக்க விரும்பின், இரண்டும் ஒரே விகிதத்தினவாதல் வேண்டும்.

விலை கொடுக்குமுன் அளவுகோலைக் கையிலெடுமின்!