டிப்ளமோ முடித்த மகளுக்கு

பெரிய மார்க்கெட்,
புதுச்சேரி.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தும் போகமாட்டேன் என்று நீ பிடிவாதமாக இருப்பதாக உன் அப்பா கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை, வெறும் டிப்ளமோவோடு மெஷின் முன்னால் நின்றே காலம் போய்விடும் என்று அழுதாயாம். நேரில் சொன்னால் பெரியவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய். எழுதிக் கொடுத்தால் இரண்டு தடவை படிப்பாய்.

2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன் முதலில் படித்தது என்ன தெரியுமா? நீ படித்த அதே டி.எம்.இ., மெக்கானிக்கல் டிப்ளமோதான். கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். டிப்ளமோவில் முதலிடம் வாங்கிவிட்டு அவர் நேராக ராக்கெட் கட்டப் போய்விடவில்லை. டிஐ டயமண்ட் செயின், எம்.ஆர்.எஃப்., திருச்சி பெல், ராணிப்பேட்டை பெல் என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். சைக்கிள் செயின், டயர், பாய்லர் செய்கிற இடங்கள். 1984இல்தான் இஸ்ரோவில் சேர்ந்தார். அன்றைக்குப் பொறியியல் பட்டத்துக்கு இணையாக இருந்த ஏ.எம்.ஐ.இ. தேர்வும் எழுதித் தேறினார்.

முதல் நாலரை வருஷம் திருவனந்தபுரத்தில் திட எரிபொருள் ராக்கெட் வேலை. பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.க்குப் போய் 1989இல் எம்.டெக். முடித்தார், அதிலும் முதலிடம். அவர் எடுத்துக்கொண்ட பாடம் கிரையோஜெனிக்ஸ், கடுங்குளிரில் இயங்கும் பொறியியல். நம் நாட்டில் அன்றைக்கு அந்தப் படிப்போடு ராக்கெட் வேலைக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். நம் மார்க்கெட்டில் மீன்காரம்மாக்கள் வஞ்சிரத்தின்மேல் கொட்டுகிற ஐஸ் பூஜ்யம் டிகிரி. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. இந்த இரண்டையும் ராக்கெட்டின் மேல் அடுக்கில் நிரப்பிக்கொண்டு போனால், அதே எடை சாதாரண எரிபொருளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உந்துதல் கிடைக்கும். கனமான செயற்கைக்கோளை உயரத்துக்குத் தூக்க அது சிறந்த வழி. 1991இல் ரஷ்ய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. அடுத்த வருஷமே ரஷ்யா தொழில்நுட்பம் தரமுடியாது என்று பின்வாங்கி, செய்துவைத்த அடுக்குகளை மட்டும் தந்தது. நாமே செய்துகொள்வோம் என்று இறங்கிய கூட்டத்தில் நாராயணனும் ஒருவர்.

இனி நான் சொல்லப்போவதை மெக்கானிக்கல் படித்தவளாக நிதானமாகப் படி. சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி3 கிளம்பியது. எஞ்சின் பற்றிக்கொண்டது, உடனே ஹைட்ரஜனைத் தள்ளிக்கொடுக்கும் பூஸ்டர் பம்ப் நின்றுபோனது. ராக்கெட் கடலில் விழுந்தது. சொந்த எஞ்சினோடு திரும்பப் பறக்க மூன்றே முக்கால் வருஷம் ஆயிற்று. அந்த இடைவெளியில் செய்த திருத்தங்களில் முக்கியமானது என்ன? மைனஸ் 253 டிகிரியில் பேரிங்கும் கேசிங்கும் எவ்வளவு சுருங்கும், எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டு பம்பைத் திருத்தி அமைத்தார்கள். கிளியரன்ஸ், டாலரன்ஸ் என்று நீ முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் பிடித்துப் படித்தாயே, அதே பாடம்தான். 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 வெற்றியாகப் பறந்தது. நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். ஒரு பேரிங் இறுகிப் போனால் ஷெட் முழுக்க என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான பெருமையை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அதற்குப் பிறகு 28 டன் எரிபொருள் கொண்ட சி25 என்கிற பெரிய கிரையோஜெனிக் அடுக்குக்கு நாராயணன் திட்ட இயக்குநர். 2017 ஜூன் 5 அன்று அது முதல்தடவையே சரியாக வேலை செய்தது. 2023இல் சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டிலும் அந்த அடுக்குதான். சந்திரயான்-2 நிலவில் மோதியது ஏன் என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவரும் அவரே. தலைமைப் பதவிக்கு வந்து நாலு மாதம் ஆனபோது, 2025 மே 18 அன்று, பி.எஸ்.எல்.வி.-சி61 ராக்கெட் மூன்றாம் அடுக்கில் பழுதாகித் தோற்றது. அதை நாட்டுக்கு நேரலையில் அறிவித்ததும் அவர்தான்.

டிப்ளமோ படித்த எல்லோரும் இஸ்ரோ தலைவராவார்கள் என்று உனக்கு ஆசை காட்டமாட்டேன். அந்த நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அவரிடம் நான் பார்ப்பது வேறு. கடினமான ஒரு வேலையைப் பிடித்தார், முப்பது வருஷத்துக்கு மேல் அதை விடவில்லை. நடுவில் வேலைக்கு எது தேவைப்பட்டதோ அதைப் படித்தார். முனைவர் பட்டம்கூட 2001இல்தான் வாங்கினார், இஸ்ரோவில் சேர்ந்து பதினேழு வருஷம் கழித்து. நீயோ இருபது வயதில் எல்லாம் முடிந்துபோனதாக நினைக்கிறாய்.

உனக்கு வழி அடைபடவில்லை. அவர் எழுதிய ஏ.எம்.ஐ.இ. தேர்வுக்கு இப்போது பழைய மதிப்பு இல்லை. 2013 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை. யாராவது அதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதே. வேலை பார்ப்பவர்களுக்கென்றே பி.இ., பி.டெக். வகுப்பு நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துச் சேரலாம். இஸ்ரோவிலேயே டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்கு முதல் வகுப்பு டிப்ளமோதான் தகுதி. அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பம் போடு.

வேலைக்குப் போனதும் ஒன்று செய். மெஷின் ஓட்டுகிற அண்ணன்மாரிடம் கூச்சப்படாமல் கேள். எந்தப் பாகம் அடிக்கடி தேய்கிறது, ஏன் தேய்கிறது என்று அன்றன்றே நோட்டில் எழுதி வை. பழுதை மறைக்கிற இடத்தில் நீ மறைக்காதே. சூப்பர்வைசரிடம் முதலில் போய்ச் சொல்கிறவளாக இரு. திட்டு விழும், விழட்டும்.

சேரச் சொன்ன தேதி திங்கட்கிழமை என்று உன் அப்பா சொன்னான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நாளைக்கே அனுப்பிவிடு. மேலே படிக்கிற செலவு என் பொறுப்பு, அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் நீ கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்,
பெரியப்பா